மேசைக்குக் காய்ச்சல்

என் மனைவியின் அக்காள் கணவர் முனைவர் பட்டம் வாங்கியவர். நான் சொல்லாவிட்டாலும் இது உங்களுக்குத் தெரிந்துவிடும். அவர் வீட்டு வாசற்பலகையில் இருக்கிறது, கார்க் கண்ணாடியில் இருக்கிறது, மழைக்கு எடுத்துப்போகும் குடையின் கைப்பிடியில்கூடப் பெயருக்கு முன்னால் செதுக்கி வைத்திருக்கிறார். படித்தவனின் குடை என்று தெரிந்தால் திருடன் மரியாதையாக வைத்துவிட்டுப் போவான் என்று நினைத்தாரோ என்னவோ. தொழிற்சாலையில் எல்லோரும் அவரை 'டாக்டர் சார்' என்பார்கள். நான் மட்டும் 'சகலை' என்பேன். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம், புதுச் சட்டையில் காக்கை எச்சமிட்ட மாதிரி அவர் முகம் போகும். அதற்காகவே நாலு பேர் இருக்கும்போது சத்தமாகக் கூப்பிடுவேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. அவர் டங்ஸ்டன் தகடு உருட்டும் பிரிவுக்குத் தலைவர். நான் உலைகளின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். எனக்கு இந்த வேலை கிடைத்தது அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். அந்த ஒரு வார்த்தையை அதற்குப் பிறகு அவர் எத்தனை ஆயிரம் வார்த்தைகளாக மாற்றியிருக்கிறார் என்று கேட்காதீர்கள். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "தம்பியை நான்தான் உள்ள சேர்த்துவிட்டேன்" என்று ஆரம்பித்துவிடுவார். என்னமோ நான் வாசலில் நனைந்துகொண்டிருந்த பூனை என்பதுபோல.

டங்ஸ்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய குண்டு பல்புக்குள் சுருண்டு எரிந்த கம்பி அதுதான். அதைப்போல் சூடு தாங்கும் உலோகம் வேறு கிடையாது. எங்களிடம் வரும்போது அது சாம்பல் நிறப் பொடி. ஒரு சின்ன டப்பாவைத் தூக்கினாலே தோள்பட்டை இறங்கும், அவ்வளவு கனம். அந்தப் பொடியை அழுத்திச் செங்கல்போல ஆக்கி, உலையில் வேகவைத்து, வெள்ளைச் சூட்டில் எடுத்து, உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டுத் தகடாக்குவார்கள். அந்தத் தகட்டில் செய்த தட்டுகளைப் பெரிய உலைக்காரர்கள் வாங்கிப்போவார்கள். எஃகெல்லாம் தண்ணீராக ஓடுகிற சூட்டில் அந்தத் தட்டு தன்மேல் பாரத்தைச் சுமந்துகொண்டு அசையாமல் இருக்கும்.

ஒரே ஒரு கெட்ட குணம். ஆறினால் கண்ணாடி. உலைக்குள் ராஜா மாதிரி இருந்த தட்டு, வெளியே வந்து குளிர்ந்த பிறகு யாராவது கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் 'சடக்'. புதுத் தகடுகூடப் பரவாயில்லை. சில தடவை உலையில் வெந்து வந்த தட்டைக் கையால் தொடவே பயமாக இருக்கும். உருட்டும்போது உலோகத்துக்குள் இருக்கும் மணிகள் நீண்டு நீண்டு நார்போல் படிகின்றன. நார்க்கட்டு லேசில் முறியாது. ஆனால் உலைச் சூட்டில் கிடக்கக் கிடக்க அந்த நார்கள் கலைந்து, மறுபடியும் உருண்டை மணிகளாகப் பருத்துவிடுகின்றன. மணிக்கும் மணிக்கும் நடுவே இருக்கும் ஒட்டு ரொம்பச் சொத்தை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் சகலைதான். விளக்கம் சொல்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. நோய் என்னவென்று அழகாகச் சொல்லிவிட்டு, மருந்து கொடுக்க மறந்து பீஸை வாங்கிக்கொள்ளும் வைத்தியரைப்போல.

அவருடைய மருந்து எப்போதும் ஒன்றே ஒன்றுதான். "நல்லா வெள்ளையா காய்ச்சுங்க, பலமா அழுத்துங்க, தானா வழிக்கு வரும்" என்பார். உருளையில் வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'வெள்ளைச் சூடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் படிப்பிலும் அதே கொள்கைதான். அவர் மகன் இரண்டு தடவை வீட்டைவிட்டு ஓடி, மூன்றாவது தடவை முறைப்படி விடுதிக்கே போய்விட்டான். அப்போதும் இவர், "பாத்தீங்களா, பையன் தனியா நிக்கக் கத்துக்கிட்டான்" என்றார்.

உலைக்காரர்களிடமிருந்து உடைந்த தட்டுகள் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் சகலை அந்த மேசையைச் செய்தார்.

வாங்க வருகிறவர்களை உட்காரவைக்கும் கூடத்தில், மேற்பரப்பில் இரும்புத் தகடு பதித்த ஒரு மேசை வந்தது. முன்பக்கம் தரைவரை நீலத் துணி தொங்கியது. மேசைமேல் டங்ஸ்டன் தகட்டுத் துண்டு ஒன்று கிடக்கும். சகலை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தடித்த கையுறைகளை ஒவ்வொரு விரலாகப் போட்டுக்கொள்வார். ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் தோற்றுப்போவார். "டங்ஸ்டன் உடையும்னு சொல்றாங்க. பாருங்க" என்பார். துண்டை எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக வளைப்பார். தகரம் மாதிரி வளையும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். யாராவது ஒருவர் கைதட்டிவிடுவார். அப்புறம் சாப்பாடு, பேச்சு, ஒப்பந்தம்.

ஒருநாள் அந்தக் கூடத்தில் அடிக்கடி மின்சாரம் போகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது நீலத் துணிக்குள் போயிற்று. துணியைத் தூக்கினால், இரும்புத் தகட்டுக்கு அடியில் வரிசையாகச் சூடேற்றும் கம்பிகள். கொதிக்கிற கெட்டிலை அதன் பக்கத்தில் வைத்தால் கெட்டிலுக்குக் குளிரும், அத்தனை சூடு. அந்தச் சூட்டில் புதுத் தகடு வளையத்தான் செய்யும். வளையாவிட்டால்தான் அதிசயம்.

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"என்ன சகலை, மேசைக்கு அடியில அடுப்பு எரியுது?"

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"தம்பி, நான் எப்பவாவது 'இது குளிர்ந்த தகடு'ன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"'பாருங்க'ன்னுதான சொல்றேன்? அவங்க பாக்கிறாங்க. இது மோசடி இல்ல தம்பி. விளக்கம்."

"கையுறை?"

"பாதுகாப்பு விதி" என்றார்.

வெளியே வந்து உருகிப்போன ப்யூஸை மாற்றினேன். முனைவர் பட்டத்துக்கு எதற்காக அத்தனை வருடம் படிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒரு அம்மாள் வந்து முட்டுக்கட்டை போட்டார். எங்களிடம் அதிகமாகத் தட்டு வாங்கும் உலைக் கம்பெனியின் தர ஆய்வாளர். குள்ளமான உருவம், நரைத்த தலை, தோளில் மூட்டை மாதிரி ஒரு கைப்பை. நான் அன்றைக்குக் கூடத்தில் மின்விசிறியைச் சரிசெய்துகொண்டு ஏணிமேல் நின்றேன். அதைவிட நல்ல இடம் யாருக்கும் வாய்த்திருக்காது. முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சகலை வழக்கம்போலக் கையுறை போட்டு, "பாருங்க" சொல்லி, துண்டை வளைத்தார். முதலாளி கைதட்டினார். அந்த அம்மாள் கைதட்டவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கூட்டை மேசையின் ஓரத்தில் வைத்தார். வளைந்த துண்டைக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"நல்லா வளையுதுங்க" என்றார். "உங்க தட்டு இப்படி வளையுது. எங்க தட்டை வளைக்க முடியுமான்னு பாருங்க."

கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து விரித்தார். அதற்குள் எங்கள் தட்டு ஒன்று. அவர்கள் உலையில் வெந்து, ஆறி, ஒரு மூலை உடைந்தது.

"இதை நீங்கதான் செஞ்சீங்க. இதே கைதான, வளைங்களேன்."

சகலை அதை வாங்கி, பதறாமல், இரும்புத் தகட்டின் நடுவில் வைத்தார். உலகத்தில் இருக்கிற விஷயங்களையெல்லாம் அந்த அம்மாளிடம் பேசினார். வெயில், சாலை, வந்த ரயில். தட்டு சூடேறட்டும் என்று நேரம் கடத்துகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு கையில் எடுத்து வளைத்தார். 'சடக்' என்று இரண்டாகப் போயிற்று. வெந்து மணி பருத்த தட்டுக்கு அவருடைய மேசைச் சூடு எந்த மூலைக்கு? ஒரு துண்டு தரையில் விழுந்து அதுவும் மூன்றாகச் சிதறியது.

அப்போதுதான் ஒரு நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அந்த அம்மாளுடைய கண்ணாடிக் கூடு மேசை ஓரத்தில் சுருங்கி, வாழ்க்கை வெறுத்துப்போன நத்தை மாதிரி கூனிக்கொண்டிருந்தது.

அம்மாள் அதைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு சகலையின் கையுறைகளைப் பார்த்தார்.

"ஐயோ பாவம், மேசைக்குக் காய்ச்சலா?" என்றார்.

நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். சிரித்தால் விழுந்துவிடுவேன். முதலாளி எழுந்து வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார். அந்த அம்மாள் உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, துணியில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எங்க ஆளு ஒருத்தரு இந்தத் தட்டைத் தூக்கும்போது அது உடைஞ்சு, மேல இருந்த சரக்கு அவர் கால்ல விழுந்துச்சு. இன்னும் நொண்டுறாரு. நீங்க வித்தை காட்டுங்க, எனக்கென்ன. ஆனா எங்களுக்கு மேடையில வளையற தகடு வேணாம்."

அந்த வாரமே மேசை கிடங்குக்குப் போயிற்று. முதலாளி சகலையைக் கூப்பிட்டு, உருப்படியான தகடு ஒன்று வரட்டும், இல்லாவிட்டால் நூலகப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் நூலகத்தில் ஒரு அலமாரியும் ஒரு பல்லியும் உண்டு.

சகலைக்கு உடனே முதுகுவலி வந்துவிட்டது.

முதுகுவலிக்காரரைப் பார்க்க நானும் என் மனைவியும் போனோம். துக்கம் விசாரிக்கப் போகிற முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படுக்கையறை ஜன்னல் சாத்தியிருந்தது. சகலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலைமாட்டில் வெந்நீர்ப் பை. பக்கத்தில் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அக்கா, எனக்கும் அக்காதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஊசி.

"பொறாமைக்காரங்க" என்றார் சகலை சுவரைப் பார்த்து. "அந்தம்மாவைத் தூண்டி விட்டிருக்காங்க. என் வளர்ச்சி பிடிக்கல."

"யாருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"பேர் சொல்ல விரும்பல."

அறையில் இருந்தது நாங்கள் நாலு பேர்தான். அதில் பெயர் சொல்ல விரும்பாத அளவுக்குத் தகுதியுள்ளவன் நான் ஒருவன்தான். வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

அக்கா கையில் இருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டுப் பேசினார். "ஏங்க, நான் ஒன்னு கேக்கிறேன். ஒருத்தன் சர்க்கரை வியாதிக்காரன். அவன் ரத்தத்தை எடுத்து, அதுல தண்ணியைக் கலந்து, சர்க்கரை கம்மியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்?"

"அது வேற இது வேற."

"என்ன ஆகும்னு கேட்டேன்."

"செத்துப்போவான்."

"நான்?"

"ஜெயிலுக்குப் போவ."

"நீங்க வெந்நீர்ப் பை வச்சுப் படுத்திருக்கீங்க" என்றார் அக்கா. மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சகலை போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நாங்கள் கிளம்பப் போனோம். அப்போது சுவரிடமிருந்து குரல் வந்தது.

"தம்பி, நம்ம தகட்டை நம்ம உலையிலயே போட்டு, அவங்க சூட்டுல வேகவச்சு, நல்லா ஆறவிட்டு, அப்புறம் உடைச்சுப் பாத்தா என்ன?"

ஏதோ புதுக் கண்டம் கண்டுபிடித்த குரல். இத்தனை வருடமாகத் தகடு செய்து விற்கிற மனிதர், வாங்கினவன் அதை என்ன செய்வானோ அதைத் தானும் ஒருமுறை செய்து பார்த்ததில்லை! சமைத்ததை ஒருநாளும் வாயில் வைக்காமல் ஊருக்கெல்லாம் பரிமாறிய சமையல்காரர். பாத்திரத்துக்கு மட்டும் நல்ல பளபளப்பு.

"பாக்கலாமே சகலை" என்றேன். அன்றைக்குச் 'சகலை'க்கு அவர் முகம் சுளிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

முதுகு சரியாகி வந்தவர், கிடங்கில் இருந்த எல்லா வகைத் தகட்டிலும் பட்டை பட்டையாக வெட்டி எங்கள் சோதனை உலையில் போட்டார். வேகவைத்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றாக வளைக்கும் இயந்திரத்தில் வைத்தார். வைத்ததெல்லாம் உடைந்தது. நன்றாக வெள்ளைச் சூட்டில் உருட்டிய, அவருடைய செல்லத் தகடுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் உடைந்தது. அளவுக்கு மீறிய சூட்டில் உருட்டினால் நார் உண்டாகும்போதே கலைந்துவிடும். உருட்டி என்ன பயன்? 'வெள்ளைச் சூடு' பெயருக்கு ஏற்ற மாதிரி முகம் வெளுத்து நின்றார். துண்டுகள் முறிந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தார். சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி மணி மணியாக மின்னியது.

அடுத்து அவர் என்னைக் கூப்பிட்டது காரோட்ட. போன இடம் ஒரு குளியலறைச் சாமான் கடை. கழிவறைப் பீங்கான்களுக்கு நடுவே, தொப்பையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சகலையோடு ஒன்றாகப் படித்தவர். பல்புக் கம்பெனியில் டங்ஸ்டன் கம்பி இழுக்கும் பிரிவில் பெரிய வேலையில் இருந்து, குண்டு பல்பை உலகம் கைவிட்டதும் இந்தக் கடையை வைத்துவிட்டார். ஒரு கூட்டத்தில் சகலை மேடையேறி, "பல்புக்காரங்களுக்கெல்லாம் உலோகவியல் எதுக்கு?" என்று இவரை நக்கல் அடித்தது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"வாடா டாக்டரு! எந்த மாடல் வேணும்? மேற்கத்தியதா, நம்மதா?" என்றார் அவர், பீங்கான்களைக் காட்டி.

சகலை உட்கார இடம் தேடினார். அங்கே உட்காரக்கூடியதெல்லாம் ஒரே வகை. நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். அப்படி அவர் திக்கித் திணறி நான் பார்த்ததே இல்லை. கேட்க இனிமையாக இருந்தது.

கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "பொட்டாசியம்டா! பொடியிலயே துளியூண்டு கலப்போம். உள்ள போயி கண்ணுக்குத் தெரியாத குமிழி குமிழியா உக்காந்துக்கும். எவ்வளவு வெந்தாலும் மணியைப் பருக்க விடாது, பிடிச்சு நிறுத்தும். அதனாலதான பல்புக் கம்பி அத்தனை நாள் எரிஞ்சுச்சு? நூறு வருஷத்து விஷயம். நமக்கே பாடத்துல இருந்துச்சேடா. நீ அன்னிக்கு வரலையா?"

"வந்திருந்தேன்" என்றார் சகலை.

"அப்ப தூங்கியிருப்ப."

"தகட்டுக்கும் இது சரியா வருமா?"

"அது எனக்குத் தெரியாது. கம்பின்னா இழுத்து இழுத்து முடி மாதிரி ஆக்கிடுவோம், குமிழி தானா பொடிப்பொடியா ஆயிடும். உன் தகடு தடிமன். நீதான் பாத்துக்கணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் சகலை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மட்டும் பேசிக்கொண்டே ஓட்டினேன். மேற்கத்திய மாடல் எவ்வளவு வசதி என்பதைப் பற்றி.

அடுத்து வந்த மாதங்களில் நடந்ததை உள்ளபடி சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு அவ்வளவு விருப்பமில்லை.

மனிதர் உழைத்தார். பொட்டாசியம் கலந்த பொடியில் முதலில் செய்த கட்டி வேகும்போதே உப்பி ஊதிப்போயிற்று. இரண்டாவது, உருளைக்குள் போனதும் ஓரம் முழுக்கக் கிழிந்தது. பழைய சூட்டிலேயே உருட்டினால் குமிழிகள் பெரிதாகவே கிடந்தன. சூட்டைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு தடவை உருட்டும்போதும் முன்னதைவிடக் கொஞ்சம் தணிவாகக் காய்ச்ச வேண்டும் என்று கண்டுபிடித்தார். வாழ்நாள் முழுக்க 'வெள்ளையா காய்ச்சு' என்று கத்தியவர், உருளைக்குப் பக்கத்தில் நின்று, "குறைங்க, இன்னும் குறைங்க" என்று கத்தினார். ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குறைத்தால் வேறு ஆபத்து. சூடு போதாத உலோகம் உருளையை எதிர்த்து நிற்கும். ஒருநாள் ஒரு கட்டி உருளைக்கு நடுவில் வெடித்து, நெருப்புத் துண்டு ஒன்று சகலையின் தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. எல்லோரும் ஓடினோம். அவர் அங்கேயே நின்று, "அடுத்த கட்டியைக் கொண்டாங்க, சூட்டை ஒரு படி மட்டும் ஏத்துங்க" என்றார். தலைக்கவசத்தில் கருப்பாக ஒரு பள்ளம். தைரியம் என்று சொல்லலாம். தலைக்கனத்துக்கு ஒரு பயன் இருந்தது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரே பக்கமாக உருட்டினால் தகடு அட்டை மாதிரி அடுக்கடுக்காகப் பிளந்தது. திருப்பிப் போட்டுக் குறுக்கேயும் உருட்டச் சொன்னார். ஒவ்வொரு தகட்டிலும் பட்டை வெட்டி, வேகவைத்து, ஆறவிட்டு உடைத்தார். உடைந்த துண்டுகளை அறை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். அக்கா ஒருநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து அவற்றைப் பார்த்தார். "இதெல்லாம் உடைஞ்சதா?" என்று கேட்டார். "உடைஞ்சதுதான்" என்றார் சகலை. அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கொண்டுவந்த சாப்பாட்டை அங்கேயே பிரித்து வைத்தார். அந்த வீட்டில் அதற்குப் பெயர் பாராட்டு.

கடைசியில் ஒரு தகடு கிடைத்தது. குளிர்ந்த நிலையில் தகரம் மாதிரி வளைந்தது என்று நான் சொல்லமாட்டேன். எந்த டங்ஸ்டனும் அப்படி வளையாது, சொன்னால் அது என் சகலையின் பழைய மேசை. ஆனால் உலைக்காரர்களின் சூட்டில் வெந்து ஆறிய பிறகும் நார் கலையவில்லை. இடுப்புயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டோம். மணி அடித்த மாதிரி ஓசை வந்தது, அவ்வளவுதான். லேசாகச் சூடுகாட்டினால் முறியாமல் வளைந்தது. உலைச் சூட்டில் பாரம் ஏற்றினால் பழைய தட்டைவிடக் குறைவாகத்தான் தொய்ந்தது.

அந்தக் கைப்பை அம்மாள் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கூடமில்லை, சாப்பாடில்லை. சோதனை உலைக்குப் பக்கத்தில் இரும்பு முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். சகலை வெறுங்கையோடு நின்றார். வெந்து ஆறிய தட்டு ஒன்றை அந்த அம்மாள் கையில் கொடுத்தார். அவரே கீழே போட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவை கொஞ்சம் கோபத்தோடு போட்ட மாதிரி இருந்தது. தட்டு அப்படியே இருந்தது.

"குளிர்ந்த தட்டை வளைச்சா?" என்று கேட்டார்.

"உடையும். வளைக்காதீங்க" என்றார் சகலை.

"எங்க உலையில எவ்வளவு காலம் உழைக்கும்?"

சகலை வாயைத் திறந்தார். நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஒரு சொற்பொழிவு வரப்போகிறது, கிரேக்கத்தில் ஆரம்பிப்பார் என்று.

"தெரியாதுங்க" என்றார்.

அவ்வளவுதான். எங்கள் உறவில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுதச் சொல்லியிருந்தால் எழுத்துக்கூட்டித்தான் எழுதியிருப்பார்.

அந்த அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, கொஞ்சம் அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். பார்த்துவிட்டு, சொன்னார். மேற்கொண்டும் கேட்டார்கள். அடுத்தடுத்து மற்ற உலைக்காரர்களும் அதையே கேட்டார்கள். நூலகத்துப் பல்லி தப்பித்தது.

இதோடு நிறுத்தினால் உங்களுக்கு என் சகலைமேல் மரியாதை வந்துவிடும். அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

தகடு மாறியது, மனிதர் மாறவில்லை. பழைய வித்தை போய்ப் புது வித்தை வந்தது. அதன் பெயர் உண்மை. எங்கே நாலு பேர் கூடினாலும் உண்மை பேசுவதைப் பற்றி ஒரு பேச்சு. பொட்டாசியத்தைப் பற்றிச் சொல்லும்போது, "இதை நான் கண்டுபிடிக்கல, என் நண்பர் ஒருத்தர் சொன்னாரு" என்று கையை விரித்து, கேட்கிறவர்கள் 'எவ்வளவு பெரிய மனசு!' என்று சொல்லும்வரை காத்திருப்பார். அடக்கத்தை இவ்வளவு சத்தமாகச் செய்ய முடியும் என்று எனக்கு முன்னால் தெரியாது. இளம் பொறியாளர்களைக் கூட்டி, "நான் ஒரு காலத்துல மேசைக்கு அடியில சூடு வச்சவன்" என்று தொடங்கி, கண்கலங்க வேண்டிய இடத்தில் கண்கலங்கினார். கைதட்டல் பழையதைவிட அதிகம்.

ஓய்வுபெற்ற பிறகு இந்த உண்மை முழுநேர வேலையாயிற்று. அக்கம்பக்கத்தில் புதுத்துணி போட்டவர்களிடம் நிறம் பொருந்தவில்லை என்றார். பாடிய குழந்தையிடம் சுருதி சேரவில்லை என்றார். நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது, உண்மையல்லவா?

என் மகளைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பையனும் பெண்ணும் ஏற்கெனவே பேசி முடிவு செய்துவிட்டார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து தேநீர் குடித்தால் போதும். பெரியவர்கள் என்றால் சகலையும் வருவார். சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு வந்தார். முன்கூட்டியே அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். "சகலை, இன்னிக்கு மட்டும் கொஞ்சம் கம்மியா பேசுங்க."

"நான் எப்பவும் தேவையானதைத்தான் பேசுவேன் தம்பி" என்றார்.

பையனின் அப்பா நல்ல மனிதர். பேச்சுக்குப் பேச்சாக, "பொண்ணைப் பத்தி எங்களுக்குத் தெரியும். குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்களேன்" என்றார். மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. மரியாதைக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். சகலை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பொண்ணு தங்கம். கோபம் மட்டும் சுள்ளுனு வரும், அது எங்க வீட்டம்மா பக்கம். பொண்ணோட அம்மா பொறுமைசாலி. இல்லன்னா இந்த வீட்டுல இருக்க முடியாது. பொண்ணோட அப்பா..." என்று என் பக்கம் திரும்பினார். "தம்பி வேலையில கெட்டிக்காரரு. உலை ஒன்னு நின்னா இவர்தான் வேணும். ஆனா என்மேல இவருக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து பொறாமை. நான் விழுந்தா ஏணியில நின்னு சிரிப்பாரு. நான் எழுந்தா தூக்கம் வராது. மத்தபடி தங்கமான மனுஷன்."

எனக்குக் காது இரண்டும் எரிந்தது. ஏணியில் நின்றது வரைக்கும் பார்த்திருக்கிறார், பாவி மனிதர்.

முதலில் சிரித்தது என் மனைவி. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதைப் பார்த்து அக்கா சிரித்தார். நான் அறிந்து அக்கா சத்தம்போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு பையனின் அப்பா, அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து என் மகள். கடைசியில் பையனின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு உண்மை பேசற குடும்பம் எங்க கிடைக்கும்? எங்க பக்கத்துலயும் ஒரு சகலை இருக்காருங்க, அடுத்த தடவை கூட்டிட்டு வரேன்" என்றார்.

சகலை தேநீர்க் கோப்பையை எடுத்து, பாராட்டை ஏற்றுக்கொள்கிற மாதிரி எல்லோருக்கும் ஒருமுறை தலையசைத்தார். அதுதான் அந்த ஆளிடம் எனக்குப் பொறுக்கவே பொறுக்காத விஷயம்.